பாஸான காது

போன மாதம் கிளாங்கில் ஒரு கூட்டம். காது பரிசோதனை வேலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் நான் ஏதாவது பேச வேண்டுமாம். ஏற்பாடு செய்த பெண் போனில், "ஆன்டி, கொஞ்சம் இன்ஸ்பைரிங்கா பேசுங்க லா, சக்ஸஸ் ஸ்டோரி ஏதாவது" என்றாள். சரிம்மா என்றேன். அங்கே ஓர் இளைஞர் எழுந்து, "உங்க காலத்துல காக்லியர் இம்ப்ளாண்டுக்குப் பிள்ளைங்கள எப்படி ஆன்டி தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டார். கவனமாகத் தேர்ந்தெடுத்தோம், குழுவாக வேலை செய்தோம் என்று ஏதோ சொன்னேன். கை தட்டினார்கள். மீஹூன் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததிலிருந்து எனக்கு என்மேலேயே எரிச்சல். கவனமாகவாம்! குழுவாகவாம்! அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இன்ஸ்பிரேஷன் வேண்டுவோர் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். எழுபதுகளில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆள் இல்லை என்று அங்கே தள்ளிவிட்டார்கள். பயிற்சி ஆறு மாதம். அதில் நான்கு மாதம் காதில் அழுக்கு எடுப்பதை வேடிக்கை பார்த்தேன். மிச்சத்தைக் காது சோதிக்கும் மெஷினே சொல்லிக் கொடுத்தது. நான் நர்ஸ் அல்ல. ஆனால் வெள்ளைச் சட்டை போட்ட பெண் யாராக இருந்தாலும் நம் ஜனங்களுக்கு மிஸ்ஸிதான். நானும் முப்பத்து நான்கு வருடம் மிஸ்ஸியாகவே இருந்துவிட்டேன்.

பிரிவின் தலைவரைப் பெரியவர் என்போம். அவர் பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத் தமிழர். வீட்டில் தேவாரம், ஆஸ்பத்திரியில் ஆங்கிலம். தமிழ் தெரியாதவர் போல நடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நோயாளியிடம் ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்ல வேண்டும். நோயாளி தமிழில் பதில் சொல்வார். அதை நான் ஆங்கிலத்தில் திருப்புவதற்குள் அந்தப் பதிலுக்கு ஏற்ப அவர் முகம் மாறியிருக்கும்! இருந்தாலும் நான் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். பேசும்போதும் ஆளைப் பார்க்கமாட்டார். எக்ஸ்ரே மாட்டும் வெளிச்சப் பெட்டியைப் பார்த்துத்தான் பேசுவார். அவர் மதித்தது காகிதத்தை மட்டும். யார் என்ன சொன்னாலும், "ஷோ மீ த பேப்பர்" என்று கையை நீட்டுவார். கத்தி பிடித்தால் கை நடுங்காத மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

காது டெஸ்ட் என்றால் அந்தக் காகிதத்தை எழுதியவள் நான். அதில் எனக்குத் தலைக்கனம் அதிகம். எண்பதுகளில் மேரு பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து ஆட்களை வேனில் ஏற்றி அனுப்புவார்கள். தகடு வெட்டும் மெஷின் பக்கத்தில் நின்று காது போனவர்கள். வேலை போய்விடுமோ என்று பயந்து, கேட்காததையும் கேட்பதாக நடிப்பார்கள். சத்தம் வரும் இடைவெளியை மனதுக்குள் எண்ணி, சரியாக விரலைத் தூக்குவார்கள். நான் திடீரென்று இடைவெளியை மாற்றிவிடுவேன். சத்தமே இல்லாதபோது விரல் மேலே போகும். "என்னண்ணே, ஆவி பேசுதா?" என்பேன். அசடு வழிவார்கள். என்னை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை என்று டீ நேரத்தில் பெருமை அடித்துக்கொள்வேன். அந்த வாயைத்தான் பிறகு மூட வேண்டி வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் காக்லியர் இம்ப்ளாண்ட் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, உள்காதின் நத்தைச் சுருளுக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தும் ஆபரேஷன். அந்தக் கம்பியில் இருபத்திரண்டு மின்முனைகள். சாதாரண காது மெஷின் சத்தத்தைப் பெரிதாக்குவதோடு சரி. இது கேட்கும் நரம்பையே நேராகத் தட்டும். அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்தவை மூன்று கருவிகள். வரிசையில் பதினோரு பிள்ளைகள். யாருக்கு என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி. கமிட்டி என்றால் பெரியவர், அவர் பேசும்போது தலையாட்ட நான்கு பேர்.

மைதிலிக்கு அப்போது நான்கு வயது. மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த பிள்ளை. காய்ச்சல் போகும்போது இரண்டு காதையும் கொண்டு போய்விட்டது. அதற்கு முன் வாய் ஓயாமல் பேசியவளாம். எங்களிடம் வந்தபோது ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா தில்லையம்பலம், அரசாங்க அலுவலகத்தில் தலைமை குமாஸ்தா. கோடு போட்ட நோட்டும் இரண்டு பேனாவும் இல்லாமல் வரமாட்டார். மூத்த ஆண்பிள்ளைகள் மூன்று பேரையும் பரீட்சை பரீட்சையாகத் தேற்றிவிட்டவர். அம்மா கமலாம்பிகை, கணவர் நோட்டில் எழுதும்வரை மூச்சுகூட சத்தமாக விடாத பெண்மணி.

முதல் நாளே தில்லையம்பலம் என்னிடம் கேட்டார். "மிஸ்ஸி, எத்தினை இடம்? எத்தினை பிள்ளையள் போட்டி?"

"மூணு மெஷின் சார், பதினோரு பிள்ளைங்க."

அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். எனக்கு அன்றே மணி அடித்திருக்க வேண்டும். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

விதி இதுதான். முதலில் ஆறு மாதம் சாதாரண மெஷினைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலேயே ஓரளவு கேட்டால் ஆபரேஷன் கிடையாது. அதிலும் கேட்காத பிள்ளைக்குத்தான் மண்டையைக் குடைவார்கள். மைதிலியின் நெஞ்சில் பட்டை கட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மெஷினை மாட்டினோம். அதிலிருந்து ஒரு வயர் கிளம்பி, இரண்டாகப் பிரிந்து இரண்டு காதுக்கும் போகும். மூன்றாம் மாதம் ஒரு டெஸ்ட், ஆறாம் மாதம் ஒரு டெஸ்ட்.

டெஸ்ட் அறை எப்படி என்று சொல்கிறேன். சுவர் முழுக்கத் தடித்த ஸ்பாஞ்ச், நடுவில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல். இந்தப் பக்கம் நானும் என் மெஷினும். அந்தப் பக்கம் இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரு நாற்காலி, ஒரு பிஸ்கட் டின். பிள்ளை ஒரு மரக்கட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சத்தம் கேட்டதும் அதை டின்னில் போட வேண்டும். ஒழுங்காகப் போட்டால் கையில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி, "கெட்டிக்காரி!" என்று கன்னத்தைத் தட்டுவேன். தனியே விட்டால் அழும் பிள்ளை தாய் மடியில் உட்காரலாம். ஆனால் ஒலிபெருக்கிச் சத்தம் தாய்க்கும் கேட்கும் அல்லவா? அதனால் தாயின் காதை அடைக்கக் கவசம் போட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கவசம். வார்டில் தரை உடைக்க வந்த ஆள் அதை இரவல் வாங்கிப் போனான். நான் திரும்பக் கேட்கவில்லை.

மூன்றாம் மாத டெஸ்டில் மைதிலி டக் டக்கென்று கட்டையைப் போட்டாள். நான் இடைவெளியை மாற்றினேன், ஏமாறவில்லை. சத்தத்தைக் குறைத்தேன், ஒரு மட்டத்துக்குக் கீழே போடவில்லை. மேரு ஆட்களைப் பிடித்த அதே வித்தைகள் அத்தனையும் செய்து பார்த்தேன். சுத்தமான ரிசல்ட். ஆறாம் மாதமும் அதே. பிள்ளையைத் தூங்கவைத்து மூளை அலையைப் பதிவு செய்யும் டெஸ்டில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. பெரியவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த அலை டெஸ்ட் தாழ்ந்த சத்தங்களைச் சரியாகக் காட்டாது என்றார். "யுவர் பேப்பர் இஸ் குட்" என்று என் காகிதத்தைத் தட்டினார். அந்தப் பாராட்டில் நான் உச்சி குளிர்ந்து போனேன். கமிட்டி கூடியது, நான்கு தலைகள் ஆடின. மைதிலிக்குச் சாதாரண மெஷினே போதும், ஆபரேஷன் தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள்.

கடிதம் போன பிறகு தில்லையம்பலம் நேரில் வந்தார். "பிள்ளை நல்லாத்தானே செய்தவள், ஏன் குடுக்கேல்லை?" என்றார். எனக்கு அவசரம். "நல்லா செஞ்சதாலதான் சார், சந்தோஷப்படுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு படித்த மனிதருக்கு இதுகூடப் புரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். புரியாத மண்டு யார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து வழக்கமான செக்கப். மைதிலி தாய் மடியில் உட்கார்ந்தாள், கட்டைகளைப் போட்டாள், வழக்கம்போல அழகான ரிசல்ட். காதுக்குள் செருகும் அச்சைக் கழுவலாம் என்று மெஷினைக் கழற்றி, சும்மா என் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. பேட்டரியை மாற்றினேன், அப்போதும் இல்லை. வயரை வளைத்துப் பார்த்தால், பிரிவதற்கு முன்னாலேயே உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. டெஸ்டுக்கு முன்னால் மெஷினை நான் சோதிக்க வேண்டும் என்பது முதல் பாடம். ஆனால் தில்லையம்பலம் ஒவ்வொரு முறையும் நோட்டைத் திறந்து, பேட்டரி மாற்றிய விவரத்தைக் காட்டுவார். அந்த எழுத்தின் அழகில் மயங்கி நான் சோதிப்பதை விட்டுவிட்டேன். பெரியவரைக் காகிதப் பைத்தியம் என்று கேலி செய்த நானும் காகிதத்துக்குத்தான் விழுந்திருக்கிறேன்.

செத்த மெஷினைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை பாஸாகியிருக்கிறது.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய வாங்க" என்றேன். கமலாம்பிகை கணவரைப் பார்த்தார். "அவள் தனிய இருக்கமாட்டாள் மிஸ்ஸி" என்றார் தில்லையம்பலம். "அழுதா அழட்டும் சார்" என்றேன். வேறு மெஷின் மாட்டி, பிள்ளையைத் தனியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். சத்தம் கொடுத்தேன். மைதிலி கட்டையைக் கன்னத்தில் வைத்தபடி இருந்தாள். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கடைசியில் என் மெஷின் கொடுக்கக்கூடிய அதிகபட்சச் சத்தம். இரட்டைக் கண்ணாடியைத் தாண்டி எனக்கே காது வலித்தது. அவள் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் தாய் இருக்கிறாளா என்று பார்த்தாள்.

வெளியே வந்தேன். கமலாம்பிகை தானாகவே சொன்னார்.

"ஒரு விரலாலதான் மிஸ்ஸி. இடுப்பில மெதுவாத் தொட்டனான். எனக்கு நல்லாக் கேட்டாத்தான் தொட்டனான். சின்னச் சத்தத்துக்குத் தொட வேண்டாம் எண்டு இவர்தான் சொன்னவர். முழு மார்க் எடுத்தா உங்களுக்குச் சந்தேகம் வருமாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "என்ன சார் இது? எதுக்கு இப்படிப் பண்ணீங்க?" என்று கத்திவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூண்டு இடம்தானே இருக்கு" என்றார் அவர். "கெட்டிக்காரப் பிள்ளையளுக்குத்தானே குடுப்பினம்? வீட்டிலயும் பழக்கினனாங்கள், தினமும் ஒரு மணித்தியாலம்."

"சார், இது ஸ்காலர்ஷிப் இல்ல! கேக்காத பிள்ளைக்குத்தான் இந்த ஆபரேஷன். நல்லாக் கேக்குதுன்னா இடமே கிடையாது!"

அவர் நோட்டை மூடினார். "ஆரும் அப்பிடிச் சொல்லேல்லையே மிஸ்ஸி."

யாரும் சொல்லவில்லைதான். ஆறு மாதமாகப் பெரியவரின் ஆங்கிலத்தை எல்லாம் தமிழாக்கி ஊற்றியவள் நான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும், இதுகூடவா தெரியாது என்று விட்டுவிட்டேன். சொல்லாதது போதாதென்று ஒவ்வொரு டெஸ்டுக்கும் நட்சத்திரம் ஒட்டி, கெட்டிக்காரி என்று கன்னத்தைத் தட்டியிருக்கிறேன். அவர்கள் வேறு எதை நினைப்பார்கள்?

மூன்று காகிதங்களையும் எடுத்துக்கொண்டு பெரியவர் அறைக்குப் போனேன். நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அவர் காகிதங்களை ஒவ்வொன்றாக வெளிச்சப் பெட்டிக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார், அவர் சொன்னதிலேயே எனக்கு மறக்காதது அதுதான். "அந்த அம்மாவின் காது பிரமாதமாக இருக்கிறது. அவரிடம் சொல்லிவிடு." அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் காகிதத்தைத் தட்டிக் கொடுத்த அதே கை அவருடையது என்று எனக்கும் சொல்லத் தோன்றியது. அன்றே அவர் ஸ்கேனுக்கு எழுதிவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மூளைக்காய்ச்சலில் போன காதுக்குள் மெல்ல மெல்ல எலும்பு வளரும். சுருள் முழுக்க அடைத்துவிட்டால் கம்பி நுழைய வழியே இருக்காது. முதலில் வந்தபோது எடுத்த ஸ்கேனில் இரண்டு காதும் திறந்திருந்தன. புது ஸ்கேன் வந்தபோது வலது காதின் சுருளையே காணோம், வெறும் வெள்ளை. இடது காதில் பாதி வழியில் வெள்ளை இறங்கியிருந்தது. மூன்று கருவிகளில் ஒன்று நல்லவேளையாக இன்னும் பெட்டியில் கிடந்தது. சிரம்பானிலிருந்து வந்த ஒரு குடும்பம், எலும்பைக் குடைவார்கள் என்று கேட்டதும் போனவர்கள்தான், திரும்பவில்லை.

தில்லையம்பலம் இப்போது பின்வாங்கினார். "பாதிதான் போகும் எண்டா எதுக்கு? தலையையும் வெட்டி, பிள்ளையும் பாதி கேட்டு..." என்று வெளிச்சப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார். பெரியவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கமலாம்பிகையைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அம்மா, நாள் போனா இந்தக் காதும் அடைச்சுப் போயிடும். பிறகு என்னால ஒண்டும் செய்யேலாது."

அந்த வாயிலிருந்து தமிழைக் கேட்டு நான் அசந்துவிட்டேன். வேண்டும்போது வருகிறதே! அதுவரை என்னைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நடுவில் நிறுத்தியது எதற்காம்?

கமலாம்பிகை கணவரைப் பார்க்கவே இல்லை. "செய்யுங்கோ டாக்டர்" என்றார். "பாதி எண்டாலும் அது அவளின்ர. இவ்வளவு நாளும் என்ர காதாலதான் அவள் பாஸானவள்."

ஆபரேஷனுக்கு முன் செய்ய வேண்டியவை ஒரு பட்டியல். ஊசிகள், ரத்தம், மயக்க மருந்து டாக்டரின் சம்மதம். இடது பக்கத் தலைமுடியை மட்டும் மழிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பார்க்க நன்றாக இராது என்று தில்லையம்பலம் முழுவதையும் மழிக்கச் சொன்னார். பொம்மை ஒன்றின் தலையில் கட்டுப் போட்டு மைதிலிக்குக் காட்டினேன். இவையெல்லாம் சுலபம். கஷ்டமான வேலை ஒன்று என் தலையில் விழுந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கருவியைச் சரி செய்ய, பிள்ளை உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்டால் போட வேண்டும், கேட்காவிட்டால் போடக்கூடாது. இவளுக்கோ ஒன்பது மாதமாகப் பொய் சொல்லப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறோம்.

தினமும் ஒரு சின்ன மேளத்தை அவள் முழங்காலோடு சேர்த்து வைத்துத் தட்டினேன். அதிர்வு தெரிந்தால் கட்டையைப் போடு. தட்டாவிட்டால் சும்மா இரு. சும்மா இருக்க அவளுக்கு முடியவே இல்லை. என் கண்ணைப் பார்ப்பாள், தோளைப் பார்ப்பாள், ஏதாவது ஒரு சாக்கில் கட்டையைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் இல்லை என்று தலையாட்டினால் அழுவாள். வெறும் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தப்பில்லை என்று அந்தப் பிள்ளைக்குப் புரிய ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் நான் தட்டவில்லை, அவள் போடவில்லை. நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கடைசி டெஸ்டைத் தனியாக எடுத்தேன். ஒரு சத்தத்துக்கும் பதில் இல்லை. வாசலில் தில்லையம்பலம் நின்றார். "எவ்வளவு மிஸ்ஸி?" என்றார். பழக்கம் விடுமா! "ஒண்ணும் கேக்கல சார், எல்லாத்துலயும் சைபர்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். சம்மதப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு முறை படித்தார். நடுவில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் ஓடியது. பெரியவர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "பத்து உள்ள போயிருக்கு. மிச்சத்துக்கு வழியில்லை" என்றார். இருபத்திரண்டில் பத்து. அந்தப் பத்தோடுதான் மைதிலி இன்றுவரை இருக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாள், முகம் பார்த்துப் பேசினால் பிடித்துக்கொள்வாள். போன் பேச வராது. நாலு பேர் சேர்ந்து பேசினால் சிரித்துச் சமாளிப்பாள்.

அன்று வராந்தாவில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தில்லையம்பலம் மருந்துச் சீட்டை வாங்கப் போயிருந்தார். கமலாம்பிகை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மிஸ்ஸி, உண்மையைச் சொல்லுங்கோ. முதல் டெஸ்டிலயே நான் அவளைத் தொடாமல் இருந்திருந்தா, இருபத்திரண்டும் போயிருக்குமோ?"

முதல் ஸ்கேனை நான் பார்த்திருக்கிறேன். திறந்து கிடந்த அந்த இரண்டு காதும் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நின்றன.

"அத யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றேன்.

என் சர்வீஸில் நான் தெரிந்தே கொடுத்த பொய் ரிசல்ட் அது ஒன்றுதான். கமலாம்பிகை என் முகத்தையே பார்த்தார்.

"பறவாயில்லை மிஸ்ஸி" என்றார்.